ஈர்க்குச் சன்னல்

ஊர் என்று ஒன்று இருந்தது, ஊருக்கு ராஜா என்று ஒருத்தர் இருந்தார், ராஜா இருந்ததால் அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது, அப்புறம் ராஜா போனார், யானை போனது, கொடி போனது, கொட்டு போனது, அவர் கட்டிய புத்தகசாலை மட்டும் போக இடமில்லாமல் நின்ற இடத்திலேயே நின்றது என்றுதான் செவ்வந்திக்கோட்டையில் இந்தக் கதையைத் தொடங்குவார்கள். கேட்கிறவர்கள் "ம்" கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நகராது.

கொட்டியாயிற்றா? அப்படியென்றால் கேளுங்கள்.

அந்தப் புத்தகசாலைக்குக் கிழக்கே பார்த்து ஏழு படி, படிக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்குத் தேக்குக் கதவு, கதவுக்கு மேலே செவ்வந்திப் பூவும் அதற்குக் கீழே "சகல ஜனங்களுக்கும்" என்று கல்லில் வெட்டிய எழுத்தும் இருந்தன. ராஜா சொன்ன சொல் தவறாதவர். சகல ஜனம் என்று கல்லில் வெட்டியபிறகு தெற்குத் தெரு ஜனத்தை மட்டும் வராதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, வா என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஆகவே மேற்குச் சுவரில் ஒரு சன்னல் வைத்தார். தெற்குத் தெருக்காரர்கள் அந்தச் சன்னலுக்கு வெளியே, உச்சிப் பொழுது சாய்ந்தபிறகு, மேற்கு வெயிலில் நின்றுகொண்டு புத்தகத்தின் பெயரைச் சொன்னால், உள்ளேயிருந்து குமாஸ்தா புத்தகத்தைக் கொண்டுவந்து சன்னல் கட்டையில் விரித்து வைப்பார். கையால் தொடக்கூடாது. தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி வந்து, அதன் நுனியால் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தவர்களுக்கு ஊரில் ஈர்க்குக்காரர்கள் என்று பெயர். அவர்கள் பெயரை எழுத ஒரு தனி நோட்டு. அதற்கு ஈர்க்குப் பதிவேடு என்று பெயர்.

ஈர்க்குக்காரர்களிலே கெட்டிக்காரர் அய்யாக்கண்ணு. அவர் ஈர்க்குப் பட்டால் பக்கம் கிழியாது, கீறாது, காற்று வந்து புரட்டினமாதிரி சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போய் விழும். அவருடைய இருபதாவது வயதில் ஒரு கப்பல் யாத்திரைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எண்பத்தேழாம் பக்கத்தில், கப்பல் நடுக்கடலில் நிற்க, பாய்மரம் முறிந்து கிடக்க, பொழுது சாய்ந்துவிட்டது என்று ஈர்க்கைக் காதில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்தபோது சன்னல் சாத்தியிருந்தது. அதற்கு மறுநாளும் சாத்தியிருந்தது. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது, இனிமேல் யாரும் முன்வாசல் வழியாக உள்ளே வரலாம், சன்னல் தேவையில்லை என்று உத்தரவு வந்திருந்தது. அந்த உத்தரவை எல்லாரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டியும் இருந்தார்கள். பலகை மட்டும் கதவுக்கு உள்ளே, ஹாலில் இருந்தது.

உள்ளே வரலாம் என்ற சேதி உள்ளே இருந்தது. வெளியே இருந்தவர்கள் வெளியே இருந்தார்கள். மூன்று வருஷம் கழித்து யாரோ சொல்லிக் கேள்விப்பட்டபோது அய்யாக்கண்ணு, "கூப்பிடட்டும், வர்றேன்" என்று மட்டும் சொன்னார். யாரும் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் நாற்பத்தைந்து வருஷம், சாகிறவரைக்கும், அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் எதிர்ச்சாரியிலேயே நடந்தார். மகள் ராக்கம்மாளிடம் அந்தக் கப்பல் கதையை எத்தனையோ தரம் சொன்னார், எத்தனை தரம் சொன்னாலும் பாய்மரம் முறிகிற இடத்தில் நிறுத்திவிடுவார். "அப்புறம் என்னப்பா?" என்று அவள் கேட்டால், "கப்பல் இன்னும் கரை சேரலத்தா" என்பார்.

ராக்கம்மாள் வளர்ந்து, படித்து, தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவள் ஆனாள். ஊரில் மனு ராக்கம்மா என்றால்தான் தெரியும். பட்டா மாறவில்லை என்று ஒருத்தர், தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருத்தர், செத்துப்போனதாக எழுதிவிட்டார்கள், உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒருத்தர்; எல்லாருக்கும் அவள்தான் எழுதினாள். பெறுநர் எழுதி, அடுத்த வரியில் "ஐயா" என்று எழுதி, கமா போட்டு, "தாழ்மையுடன்" என்று தொடங்குவாள். ஒரு நாளைக்கு நாற்பது ஐயா எழுதிய கை அது.

புத்தகசாலைக்கு நூறு வயது நிரம்பப்போகிறது என்று விழாக்குழு போட்டார்கள். குழுவுக்குத் தலைவர் சபாநாயகம், ஓய்வுபெற்ற தாசில்தார். ராஜா காலத்தில் அங்கே குமாஸ்தாவாக இருந்தவர் அவருடைய தாத்தாதான். அங்கத்தினர் பதிவேடு, ஈர்க்குப் பதிவேடு இரண்டும் அந்தத் தாத்தா கையெழுத்துதான். சமஸ்தான காலத்து அங்கத்தினர் பெயரையெல்லாம் கருங்கல்லில் வெட்டி முன்வாசலில் பதிப்பது, அமைச்சர் வந்து திறப்பது என்று முடிவாகி, கல்லும் வந்து துணி போர்த்திக் கிடந்தது. தன் வாழ்நாளில் முதல்முறையாக ராக்கம்மாள் தனக்காக ஒரு மனு எழுதிக்கொண்டு போனாள்: தன் தகப்பனார் பெயரும் அந்தக் கல்லில் வர வேண்டும்.

சபாநாயகம் கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "ராக்கு, நீ விவரம் தெரிஞ்ச பொம்பள. இது அங்கத்தினர் கல். ஈர்க்குப் பதிவேட்டுல உள்ளவங்க அங்கத்தினர் கெடையாது, பார்வையாளர்."

"எதைப் பாத்தாங்க சார், சுவத்தையா?"

"கோவப்படாத. அப்படியே சேக்கலாம்னாலும் உங்கப்பா பேரு அதுலயும் இல்ல. நானே பாத்தேன். கண்ணுன்னு ஒருத்தன் இருக்கான். அய்யாக்கண்ணு இல்ல."

"அந்தக் கண்ணுதான் சார் எங்கப்பா. தெற்குத் தெருக்காரனை அய்யான்னு எழுத உங்க தாத்தாவுக்குக் கை கூசிருக்கு. முன்னாடி பாதிய வெட்டிட்டுப் பின்னாடி பாதிய எழுதிருக்காரு."

"அதுக்கு அத்தாட்சி?"

"கூசுனதுதான் அத்தாட்சி."

சபாநாயகம் சிரித்தார், மடித்த மனுவின் மேலே காபி டம்ளரை வைத்தார். ராக்கம்மாள் அந்த டம்ளரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நூலகர் மெஹ்ராஜ் பேகம் சாவிக்கொத்தோடு ஏழு படி ஏறிப் பார்த்தபோது கதவு இல்லை.

கதவை யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது, நூறு வருஷச் சுண்ணாம்பு பூசிய, மழைநீர்க் கறை படிந்த, ஒரு பல்லி நிதானமாகப் போய்க்கொண்டிருந்த பழைய சுவர். மற்றச் சன்னல்களும் சுவராகியிருந்தன. மேற்குச் சன்னல் ஒன்று மட்டும், எழுபத்தாறு வருஷம் சாத்திக் கிடந்தது, அகலத் திறந்திருந்தது. மெஹ்ராஜ் டீக்கடைக்கு வந்து ஒரு டீ சொல்லிவிட்டு, "சாவி இருக்கு, பூட்டு இல்லை. இதை மேலிடத்துக்கு என்னன்னு எழுதுறது?" என்று கேட்டார். கதவைக் காணவில்லை என்றே எழுதினார்கள். கதவை உடனடியாகக் கண்டுபிடித்து அறிக்கை அனுப்புமாறு ஒன்பதாம் நாள் பதில் வந்தது.

அதற்குள் ஊர் பழகிவிட்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண் ஒருத்தி சன்னல் கம்பியருகே போய், வெறும் ஏக்கத்தில், தனக்கு வேண்டிய பொது அறிவுப் புத்தகத்தின் பெயரைச் சொல்ல, உள்ளே ஆளே இல்லாமல் புத்தகம் வந்து கட்டையில் விரிந்து உட்கார்ந்தது. அவள் கம்பிக்குள் கைவிட்டாள். புத்தகம் பட்டென்று மூடிக்கொண்டது. பேனாவால் தள்ளினாள், மூடிக்கொண்டது. தெருமுனையில் துடைப்பம் விற்கிற லூர்து, "இந்தா பாப்பா, இத வச்சுத் தள்ளிப் பாரு" என்று ஓர் ஈர்க்கை உருவிக் கொடுத்தாள், பக்கம் புரண்டது.

அவ்வளவுதான். வக்கீல்கள் ஈர்க்கோடு வந்தார்கள், வாத்தியார்கள் ஈர்க்கோடு வந்தார்கள், தினத்தாள் படிக்காமல் காலைக்கடன் கழியாத பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர்க்கோடு வரிசையில் நின்றார்கள். அரண்மனைச் சொந்தக்காரர் ஒருவர் தந்தக் குச்சி கொண்டுவந்தார், புத்தகம் அசையவில்லை. நகைக்கடைக்காரர் வெள்ளியில் ஒன்று செய்து கொண்டுவந்தார், அசையவில்லை. கூட்டிப் பெருக்குகிற தென்னந்துடைப்பத்து ஈர்க்குக்குத்தான் அசைந்தது. ஊரில் துடைப்பமெல்லாம் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. நின்று நின்று கால் வீங்கியவர்கள் வீங்கிய காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு மறுபடி வந்து நின்றார்கள். வெயில் எல்லார் முகத்தையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்தது.

"எத்தன வருசம் எங்காளுக நின்ன எடம். ரெண்டு வாரம் நின்னதுக்கே ஒங்களுக்கு மூட்டு வலியா?" என்று லூர்து வரிசையைப் பார்த்துக் கேட்டாள். தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் வெட்கமும் போய்விட்டது. ஈர்க்கைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நடப்பது ஓர் அழகாயிற்று. நம்முடைய முன்னோர்கள் கிருமி ஒட்டாமல் படிக்கக் கண்டுபிடித்த முறை இது என்று கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பேசினார், அதைக் கேட்டுக் கைதட்டினார்கள். ராக்கம்மாள் மட்டும் சன்னல் பக்கம் போகவில்லை. ஈர்க்கைத் தொடவுமில்லை. தன் வீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டாள்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது சபாநாயகம் அவளுடைய மேசைக்கு வந்தார். கூட மெஹ்ராஜும் வந்தார். சபாநாயகத்தின் மூக்கு வெயிலில் உரிந்திருந்தது.

"ராக்கு, அமைச்சர் வர்றாரு. அவரு கையில தொடப்பக்குச்சியைக் குடுக்க முடியுமா? கதவு வேணும். ஊரே சேந்து கட்டடத்துக்கு ஒரு மனு குடுக்கலாம்னு இருக்கோம். நீதான் எழுதணும். உன் கை ராசி, எழுதினா நடக்கும்."

"கட்டடத்துக்கா?"

"வேற யாருக்குக் குடுக்குறது? ஐயான்னு ஆரம்பிச்சு, தாழ்மையுடன்..."

"எழுத மாட்டேன்."

"ஏம்மா?"

"அந்த ரெண்டு வார்த்தையும் தீந்துபோச்சு சார். நாளைக்கு நாப்பதுன்னு முப்பது வருசமா ஊரான் பேருக்கு முன்னாடி ஐயா போட்டேன். எங்கப்பன் பேருல இருந்த அய்யா எங்க போச்சுன்னு கேட்டேன், நீங்க அது மேல டம்ளரை வச்சீங்க."

மெஹ்ராஜ் மெல்லச் சொன்னார்: "அக்கா, பலகையில அந்தப் பழைய உத்தரவு இன்னும் இருக்கு. நான் போன வருஷம் காகிதத்தையெல்லாம் சுரண்டுனப்ப அடியில பாத்தேன். சர்க்கார் முத்திரையோட, அச்சு அழியாம. உள்ளே வரலாம்னு."

"யாருக்குப் படிச்சுக் காமிச்சாங்க?"

"யாருக்கும் இல்லக்கா."

ராக்கம்மாள் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகி, பேனாவை எடுத்துக்கொண்டு நடந்தாள். "மனு குடுக்குறவங்க குடுங்க. நான் வருகைப் பதிவு எடுக்கப் போறேன்" என்றாள்.

சன்னலில் அப்போது நீளமான வரிசை. அவள் வருகிற வேகத்தைப் பார்த்து வரிசை விலகியது. அவள் கம்பிக்கு முகத்தைக் கொடுத்து, "ஈர்க்குப் பதிவேடு" என்றாள். நீல அட்டை போட்ட, ஓரம் கரையான் தின்ற நோட்டு வந்து கட்டையில் உட்கார்ந்து தானாக விரிந்தது. பின்னாலிருந்து பத்துக் கை பத்து ஈர்க்கை நீட்டியது.

"வேண்டாம்."

வெறுங்கையை உள்ளே விட்டாள். பதிவேடு பட்டென்று மூடிக்கொண்டது, அவள் நாலு விரலும் உள்ளே அகப்பட. அது காகிதம் மூடின மூடல் அல்ல. தேக்குக் கதவு நசுக்குகிற மாதிரி நசுக்கியது. "எடுத்துரு ராக்கு!" என்று சபாநாயகம் கத்தினார்.

"எடுக்க மாட்டேன்."

பதினோரு மணிக்கு விரல் சிவந்தது. பன்னிரண்டு மணிக்கு வீங்கியது. லூர்து ஒரு சொம்புத் தண்ணீரை அவள் வாயில் ஊற்றினாள், யாரோ குடை பிடித்தார்கள், வரிசை கலையாமல் அப்படியே நின்றது, தெற்குத் தெருவுக்குச் சேதி போய் அங்கிருந்து ஆணும் பெண்ணுமாகக் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள். "வலிக்குதா, ஆத்தா?" என்று ஒரு கிழவர் கேட்டார். "வலிக்குது, அதுக்கென்ன" என்றாள். ஒரு மணி, இரண்டு மணி. வெயில் மேற்கே திரும்பி, அந்தக் காலத்தில் புத்தகம் கொடுக்கத் தொடங்குகிற அந்தப் பழைய பொழுது வந்து அவள் முதுகில் விழுந்ததோ இல்லையோ, பதிவேடு ஒரு பெருமூச்சு விட்டது, எல்லார் காதிலும் கேட்டது, விட்டுவிட்டு மெதுவாகத் திறந்து கொடுத்தது.

வீங்கிய விரலால் முதல் பக்கத்தைத் திருப்பினாள். "பேரு கூப்பிடுவேன்" என்று திரும்பாமலே சொன்னாள். "அந்த வீட்டு ஆளுக பதில் சொல்லணும். பள்ளிக்கூடத்துல சொல்ற மாதிரி. ஆனா ஐயா கெடையாது. உள்ளேன். அவ்வளவுதான்."

"மாயழகு."

அப்புறம் ஒரு கொத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உள்ளேன்... ஐ" என்று பழக்கத்தில் இழுத்து, நாக்கைக் கடித்து, "உள்ளேன்" என்றார். கிழக்குப் பக்கம் சுவரிலிருந்து ஒரு சுண்ணாம்புச் சில்லு உதிர்ந்து படியில் விழுந்த சத்தம் கேட்டது.

"சின்னாத்தா."

"உள்ளேன்."

"பாவாடை."

"உள்ளேன்!"

பேர் பேராகக் கூப்பிட்டாள், பேருக்குப் பேர் சுண்ணாம்பு உதிர்ந்தது. பேரன் சொன்னான், பேத்தி சொன்னாள், வாரிசில்லாத பெயருக்கு லூர்து சொன்னாள், வேறு ஊருக்குப் போய்விட்டவர்களுக்குத் தெருவே சேர்ந்து சொன்னது. சொல்லச் சொல்ல அந்த வார்த்தை வேறொன்றாக ஆகிக்கொண்டே வந்தது. இருக்கிறேன் என்று சொல்லத் தொடங்கியவர்கள், உள்ளே என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஈர்க்கு வைத்திருந்த வக்கீலும் வாத்தியாரும் தங்கள் காலுக்குக் கீழே பார்த்தார்கள். இருநூற்றுப் பதினொரு பெயர். படியில் சுண்ணாம்பு முழங்கால் உயரம் குவிந்தது, சுவருக்குள்ளே தேக்கின் நிறம் தெரிந்தது. கதவு முழுசாக வரவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர் பாக்கி இருந்தது.

"கூப்பிடுறவளே பதில் சொல்ல முடியாது. இத நீங்க கூப்பிடுங்க சார். உங்க தாத்தா எழுத்து, உங்களுக்கு நல்லாப் புரியும்" என்று ராக்கம்மாள் விலகி நின்றாள்.

சபாநாயகம் கம்பிக்கு அருகே வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "கண்ணு" என்றார்.

ராக்கம்மாள் வாயைத் திறக்கவில்லை. சுவரும் அசையவில்லை.

"திரு. கண்ணு."

ஒன்றுமில்லை. யாரோ கனைத்தார்கள்.

"நான் எழுதி இருக்கறதத்தானம்மா படிக்க முடியும்?"

"எழுதாம விட்டதையும் சேத்துப் படிங்க."

மனிதர் வியர்த்தார். அந்த மூன்று எழுத்தை அவர் தினமும் எத்தனை பேருக்கோ சொன்னவர்தான், கலெக்டருக்குச் சொன்னார், அமைச்சருக்குச் சொல்லக் காத்திருந்தார். தெற்குத் தெருவைப் பார்த்து மட்டும் அது அவர் நாக்கில் வந்ததே இல்லை. தாத்தாவுக்குக் கை கூசிய மாதிரி அவருக்கு நாக்குக் கூசியது, கூசுவது எல்லாருக்கும் தெரிந்தது, அது எல்லாருக்கும் தெரிகிறது என்பது அவருக்கும் தெரிந்தது. உரிந்த மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், சத்தமாகவே, தெரு முழுக்கக் கேட்கிறமாதிரி, "அய்யாக்கண்ணு" என்றார்.

பதிவேட்டில் கண்ணு என்ற எழுத்து கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, முன்னால் மூன்று எழுத்துக்கு இடம் விட்டது. ராக்கம்மாள் கம்பிக்குள் கையைவிட்டு, வீங்கிய விரலில் பேனா பிடித்து, அந்த இடத்தில் அய்யா என்று எழுதினாள். அவள் வாழ்நாளில் எழுதியதிலே கமா போடாத ஒரே அய்யா அதுதான்.

"உள்ளேன்" என்றாள்.

கிழக்கே இடி இறங்கினமாதிரி சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தேக்குக் கதவு, செவ்வந்திப் பூ, இரண்டு பக்கமும் மலரத் திறந்திருந்தது. உள்ளே ஹால் தெரிந்தது, ஹாலில் பலகை தெரிந்தது. தெற்குத் தெருக்காரர்கள் முதலில் ஏறினார்கள், பின்னாலேயே ஊரும் ஏறியது, கையிலிருந்த ஈர்க்கையெல்லாம் படியில் போட்டுவிட்டு ஏறினார்கள், லூர்து அதைத் துடைப்பத்தால் கூட்டி ஓரமாக ஒதுக்கிவிட்டு அவளும் ஏறினாள். சபாநாயகம் மட்டும் கடைசிப் படியில் நின்று, "வா... வாங்கம்மா. நீங்க மொத ஆளாப் போயிருக்கணும்" என்றார்.

"கல்லு இன்னும் பெரிசா ஒண்ணு பாருங்க சார். எரநூத்திப் பன்னெண்டு பேரு சேரணும்" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

வாசலில் நின்ற மெஹ்ராஜ், "அக்கா, மேற்குச் சன்னல் கட்டையில ஒரு கப்பல் புத்தகம் வந்து ஒக்காந்திருக்கு. எண்பத்தேழாம் பக்கம். வாங்க" என்றார்.

ராக்கம்மாளுக்கு ஒரு கணம் கால் படியை நோக்கிப் போனது. அப்புறம் நின்றது.

"இன்னிக்கு மூணு மனு பாக்கி கெடக்கு. அந்தக் கப்பல் எழுபத்தாறு வருசம் நடுக்கடல்ல நின்னுச்சுல்ல, நாளைக்கு வரைக்கும் நிக்கட்டும். எனக்கு எப்ப தோதோ அப்ப வர்றேன்."

"அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்தணுமேக்கா."

"சாத்திப் பாருங்க."

மெஹ்ராஜ் ஒரு பக்கக் கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். சிரித்துக்கொண்டே சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெருவில் ஆளில்லை. ராக்கம்மாள் வீங்கிய விரல்களைத் தன் மூச்சால் ஊதிக்கொண்டு, எதிர்ச்சாரிக்குப் போகாமல், புத்தகசாலைச் சுவரை ஒட்டியே, சுவரை உள்ளங்கையால் தொட்டுக்கொண்டே தாலுகா ஆபீஸைப் பார்த்து நடந்து போனாள்.